கல்யாணப் படம் ஏன் கட்டம் கட்டமாக வந்தது?

வாசகர் கேள்வி – பதில்

அச்சுக்கும் இணையத்துக்கும் படங்களைத் தயார் செய்வது பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தே வந்தவை. வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு டிடிபி சென்டரில் பல வருஷம் உட்கார்ந்து அழைப்பிதழும் மலரும் நோட்டீசும் செய்தவன் நான். ஒவ்வொரு கடிதத்தைப் படிக்கும்போதும் அந்த நாற்காலிக்கு எதிரே ஒரு பென்டிரைவோடு வந்து நின்றவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். 1989-ல் எடுத்த கல்யாணப் படத்தை அழைப்பிதழின் முதல் பக்கத்தில் போடக் கொடுத்தோம். செல்போனில் பளிச்சென்றுதான் இருந்தது. அச்சாகி வந்தால் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக இருக்கிறது, புடவைக் கரை ஒரே அழுக்காகத் தெரிகிறது. "நீங்க கொடுத்த படம் அப்படி" என்கிறார் அச்சகத்தார். அவர் சொல்வது சரியா? – குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சரிதான் சகோதரி. ஆனால் அதை அச்சடிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் வருத்தமும் நியாயம்தான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். அகலம் 500 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி), உயரம் 700 பிக்சல், அவ்வளவுதான். அழைப்பிதழில் அதை 4 அங்குல அகலத்துக்குப் போட்டிருக்கிறார்கள். 500-ஐ 4-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 125 பிக்சல். நல்ல ஆஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும், அதாவது அந்தப் படம் குறைந்தது 1200-க்கு 1680 இருந்திருக்க வேண்டும். செல்போன் திரையில் அதே புள்ளிகள் சின்ன இடத்தில் நெருக்கமாக நின்றதால் பளிச்சென்று தெரிந்தன, காகிதத்தில் இழுத்துப் பரப்பியதும் குறை வெளியே வந்துவிட்டது.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் தம்பி கீழே நின்றபடி செல்போனில் எடுத்தார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார், அக்கா அதை இறக்கி ஓரத்தை வெட்டிச் சித்தப்பாவுக்கு அனுப்பினார், சித்தப்பா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினார். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். வழக்கமான தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கும், கூடவே ஜேபெக் அழுத்தமும் ஏறும். ஜேபெக் என்பது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டு ஃபைலைச் சின்னதாக்குகிற முறை. ஒரு தடவை லேசாகச் செய்தால் ஒன்றும் தெரியாது. அழுத்திச் செய்தாலோ, வெட்டி வெட்டித் திரும்பத் திரும்பச் சேமித்தாலோ கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே கோடு விழ ஆரம்பிக்கும். அம்மாவின் கன்னத்தில் நீங்கள் பார்த்தது அதுதான். புடவைக் கரை அழுக்கானதற்கும் அதே காரணம், நுணுக்கமான வேலைப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இழப்பும் அதிகம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அசல் போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறதே, அதிலிருந்து மறுபடி ஆரம்பிப்போம். முதலில் சட்டத்தைக் கழற்றி, படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்காலத்து ஈரத்துக்கும் பழைய வண்ணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது சகஜம். ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், முகத்தோடு உரிந்து வரும். கண்ணாடியோடு அப்படியே வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஸ்கேனர் போதும். போஸ்ட்கார்டு அளவுப் படம், மூன்றரைக்கு ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யும்போது 2100-க்கு 3000 பிக்சல் கிடைக்கும். அழைப்பிதழுக்குத் தாராளம், நாளைக்குப் பெரிதாகச் சட்டம் போடவும் ஆகும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் பலர் துணி நெய்த மாதிரி மேடுபள்ளமான காகிதத்தில் படம் போட்டுக் கொடுப்பார்கள், விரலால் தடவினால் தெரியும். ஸ்கேனரில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுவதால் அந்த மேடுகள் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக மினுங்கும். அப்படி இருந்தால் ஒரு தடவை ஸ்கேன் செய்து, படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டையும் போட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பாதிக்குப் பாதி கலந்தால் மினுக்கம் பெருமளவு அடங்கிவிடும்.

கண்ணாடியோடு எடுக்க வேண்டியதாக இருந்தால் மெல்லிய ஆல்-இன்-ஒன் ஸ்கேனர் உதவாது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற தாளைத்தான் அது தெளிவாகப் பார்க்கும், 2 மில்லிமீட்டர் மேலே போனாலே மங்கிவிடும். அதற்குச் செல்போனே மேல். வெயில் நேராக விழாத திண்ணையில் படத்தைக் கிடத்தி, ஃப்ளாஷை அணைத்து, கறுப்புத் துணி ஒன்றை உங்களுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு (கண்ணாடியில் வானம் பிரதிபலிக்காமல் இருக்க), லென்ஸ் படத்துக்கு நேர் மேலே இருக்கும்படி, கொஞ்சம் உயரத்திலிருந்து எடுங்கள். ரொம்பக் கிட்டே போனால் படத்தின் ஓரங்கள் வளையும்.

அந்த ஃபைலை ஒருவரும் தொடாமல் ஒரு இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, நகலில்தான் வெட்டுவது, வெளுப்பது எல்லாம். அச்சகத்துக்கு மெயிலிலோ பென்டிரைவிலோ கொடுங்கள். வாட்ஸ்அப்தான் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று அனுப்புங்கள், அப்போது அது கை வைக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கும்பாபிஷேக மலருக்காக, பழைய கோபுரத்தின் படம் ஒன்றை 2 அங்குலத்துக்குச் சுருக்கி அதே பெயரில் சேமித்துவிட்டேன். அசல் பிரிண்ட் திருப்பிக் கொடுக்கும் வழியில் தொலைந்துபோனது. ஆறு மாதம் கழித்து அதைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கோயில்காரர்கள் வந்தபோது என்னிடம் இருந்தது 600 பிக்சல் படம் மட்டும்தான். திருப்பணிக்கு முந்தைய கோபுரத்தின் ஒரே படம் அது. அன்றைக்கு அந்தப் பெரியவர் முகத்தை நான் மறக்கவில்லை.

கேள்வி: வெப்சைட்டுக்கு 72 டிபிஐ, அச்சுக்கு 300 டிபிஐ என்கிறார்கள். போட்டோஷாப்பில் 72 என்று இருந்ததை 300 என்று மாற்றிவிட்டேன், இனி அச்சுக்குப் போகலாமா? – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: போகாது. 72, 300 என்பதெல்லாம் ஃபைலின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதுதான் சரக்கு. 3000 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் அது 10 அங்குலத்துக்கு அருமையாக அச்சாகும், 600 பிக்சல் படத்தில் 300 என்று எழுதினால் 2 அங்குலத்துக்குத்தான் தாங்கும். எண்ணை மாற்றும்போது 'ரீசாம்பிள்' என்ற டிக் போட்டிருந்தால் மென்பொருள் இல்லாத பிக்சலை அக்கம்பக்கம் பார்த்து நிரப்பும், படம் பெரிதாகும், தெளிவு வராது. இணையத்தில் அந்த எண்ணை பிரவுசர் பார்ப்பதேயில்லை.

300 என்பது ஆகாயத்திலிருந்து வந்ததும் இல்லை. அழைப்பிதழில் இருக்கும் படத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். வழவழப்பான தாளில் அங்குலத்துக்குச் சுமார் 150 வரிசை போடுவார்கள், ஒரு வரிசைக்கு 2 பிக்சல் இருந்தால் நல்லது, அப்படி வந்தது 300. நாளிதழ் தாளில் மை ஊறிப் பரவும் என்பதால் 100 வரிசைக்குள்தான், அதற்கு 200 பிக்சலே போதும்.

கேள்வி: வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் வேண்டுமாம். கேபி குறைக்கும் ஆப்பில் போட்டால் முகமே தெரியவில்லை, கையெழுத்து சாம்பல் நிறத்தில் வருகிறது. – காட்பாடியிலிருந்து ஒரு மாணவர்

பதில்: தம்பி, 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு 50 கேபிக்குள் அடக்கச் சொன்னால் அந்த ஆப் பாவம் என்ன செய்யும், தரத்தைத்தான் அரைத்துத் தள்ளும். முதலில் அளவைக் குறைக்க வேண்டும், கேபி தானாக இறங்கிவிடும். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது போட்டோவுக்கு 200-க்கு 230 பிக்சல், கையெழுத்துக்கு 140-க்கு 60. அசல் படத்தின் நகலை எடுத்து அந்த விகிதத்தில் வெட்டு, வெட்டிய பிறகு 200-க்கு 230 ஆக்கு, அதற்கப்புறம் ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரம் 90-ல் ஆரம்பித்து ஃபைல் எவ்வளவு வருகிறது என்று பார். 20-க்கும் கீழே போனால் தரத்தை ஏற்று. வேறு தேர்வு என்றால் அதன் அறிவிக்கையில் உள்ள அளவைப் படித்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

கையெழுத்து சாம்பலாக வருவதற்குக் காரணம் வெளிச்சம். கோடு போடாத வெள்ளைத் தாளில் கறுப்பு மைப் பேனாவால் போட்டு, ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், உன் கை நிழல் தாளில் விழாமல் எடு. கேமரா வெள்ளைத் தாளைப் பார்த்தாலே வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கும், திரையைத் தொட்டுச் சூரியன் குறியை மேலே இழுத்து வெளுப்பாக்கிவிட்டு எடுக்க வேண்டும். கையெழுத்தை நெருக்கமாக வெட்டு, நாலு பக்கமும் வெறும் தாளை விட்டால் 140-க்கு 60-க்குள் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: நாங்கள் தறிக்காரக் குடும்பம். புடவைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்கிறோம், தீபாவளிக்கு ஒரு கேட்லாக்கும் அச்சடித்தோம். புடவை வாங்கியவர்கள் "படத்தில் இருந்த கலர் இல்லை" என்கிறார்கள், கேட்லாக்கில் பச்சையெல்லாம் வாடிப்போய்விட்டது. – ஆரணி வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது.

முதலாவது வெளிச்சம். நீங்கள் அனுப்பிய படங்களில் இடது பக்கம் வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம், வலது பக்கம் டியூப் லைட். இரண்டும் இரண்டு நிறம். கேமரா ஏதோ ஒன்றை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், மற்ற பாதி தடம் மாறிப்போகும், அரக்கு ஒரு ஓரத்தில் பழுப்பாகவும் இன்னொரு ஓரத்தில் ஊதாவாகவும் வருவது இதனால்தான். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத தாழ்வாரத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். முதல் படத்தில் மட்டும் புடவை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது அந்தத் தாளை வெள்ளையாக்கும்படி நிறத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்ற படங்களுக்கும் போட்டால் ஒரு நாள் எடுத்த நாற்பது புடவையும் ஒரே சீராக வரும்.

ஆனால் மயில் கழுத்து நிறப் புடவைக்கு ஒரு படம் போதவே போதாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம், ஆள் நகர நகர நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடும். கேமரா அதில் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். முந்தானையை மடித்து விசிறி மாதிரி போட்டு ஒரு படம், தட்டையாக ஒன்று, ஜன்னலுக்கு எதிரே சாய்த்து ஒன்று என்று மூன்று போடுங்கள், கூடவே பாவு என்ன, ஊடை என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வரி பத்து படத்துக்குச் சமம். ஜரிகை வெளுத்து வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது என்றால் வெளிச்சத்தை ஒரு படி இறக்கி எடுங்கள், ஒரு தடவை வெளுத்துப்போன இடத்தில் பிறகு என்ன செய்தாலும் நூல் தெரியாது.

இரண்டாவது நெசவு. சின்னக் கட்டம் போட்ட புடவைகளில் அலை அலையாக வளையம் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நெசவின் கோடுகளும் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் மோதும்போது வருவது அது. குடியாத்தம் லுங்கிப் படங்களிலும் பார்க்கலாம். இரண்டடி முன்னே போய் எடுத்துப் பாருங்கள், அல்லது கேமராவை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பெரிய படத்தில் இல்லாமல் சுருக்கிய பிறகு மட்டும் வருகிறது என்றால், சுருக்குவதற்கு முன் மிக லேசாக ஒரு பிளர் கொடுத்தால் போய்விடும்.

மூன்றாவது அச்சு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி. அச்சில் அந்த நாலு மை, சிஎம்ஒய்கே. கிளிப்பச்சை, மின்னுகிற நீலம், ராணி ரோஸ் இதெல்லாம் அந்த நாலு மையைக் கலந்து எட்ட முடியாத நிறங்கள். அச்சகத்தார் உங்களை ஏமாற்றவில்லை, மையால் முடியவில்லை. செய்யக்கூடியது இதுதான்: ஃபைலை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றுவதை அச்சடிக்கிற அன்றைக்கு இன்னொருவர் கையில் விடாமல், உங்கள் டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிப் பாருங்கள், எந்தப் புடவை வாடுகிறது என்று அங்கேயே தெரியும். வாடுகிற நிறங்களை அட்டைப்படத்தில் போடாமல் அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு மாதிரியானவற்றைப் போடுங்கள். ஒரு ப்ரூஃப் பிரிண்ட் கேளுங்கள், அதைப் புடவையோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இணையத்துக்கான ஃபைல் மட்டும் எப்போதும் ஆர்ஜிபியிலேயே, எஸ்ஆர்ஜிபி என்கிற புரொஃபைலோடு இருக்கட்டும், நீளப் பக்கம் 1600 முதல் 2000 பிக்சல் போதும். சிஎம்ஒய்கே ஃபைலைத் தெரியாமல் இணையத்தில் ஏற்றினால் சில திரைகளில் நிறம் விகாரமாக வரும்.

கேள்வி: பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். 300 டிபிஐ என்றால் ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. – வாணியம்பாடி வாசகர்

பதில்: 300 வேண்டாம். 20 அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அந்த நெருக்கம் யாருக்கும் தெரியாது. முழு அளவில் 72 வைத்தாலே 8640-க்கு 6912 பிக்சல் வருகிறது, அது தாராளம். 12 மெகாபிக்சல் செல்போன் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 31 பிக்சல்தான், ஆனாலும் ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து நன்றாகவே இருக்கும், படம் அசையாமல் எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எழுத்துகளை மட்டும் படமாக்காமல் கோரல்டிராவில் எழுத்தாகவே வைத்து, கடைசியில் கர்வ்ஸ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுங்கள்.

கேள்வி: செல்போன் ஆப்பிலேயே காதுகுத்து அழைப்பிதழ் செய்து ஜேபெக்காக அச்சுக்குக் கொடுத்தேன். சின்ன எழுத்துகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. – ஆற்காடு வாசகர்

பதில்: மேலே சொன்னதுதான் இங்கேயும். எழுத்து படமாக மாறிவிட்டது. அதிலும் தமிழ் எழுத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு, ண, ஞ, ஐ இவற்றின் சுழிகள் சின்ன அளவில் ஒரு பிக்சல் இடைவெளியில்தான் பிழைத்திருக்கும், ஜேபெக் அழுக்கு அதற்குள் புகுந்தால் ண எது ன எது என்றே தெரியாது. இன்னொன்று, படத்துக்குள் இருக்கும் கறுப்பு எழுத்து நாலு மையும் கலந்து அச்சாகும், பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் ரோஸ் நிழல் விழும். எழுத்து தனியாக இருந்தால் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடித்துவிடலாம். அந்த ஆப் பிடிஎஃப் கொடுக்குமா என்று பாருங்கள், பிடிஎஃப்பைப் பல மடங்கு பெரிதாக்கியும் எழுத்தின் ஓரம் கூராக இருந்தால் அது எழுத்தாகவே இருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் பின்னணி) விடவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு வரும்.

கேள்வி: ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேர்டு ஃபைல் 80 எம்பி ஆகிவிட்டது, மெயிலில் போகவில்லை. கம்ப்ரஸ் செய்தால் வரைபடங்கள் மங்குகின்றன. – வேலூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி

பதில்: போட்டோவையும் வரைபடத்தையும் ஒரே மாதிரி நடத்துவதால் வருகிற சிக்கல் இது. பட்டறையில் எடுத்த போட்டோக்களை 4000 பிக்சலோடு உள்ளே போட்டுவிட்டு மவுஸால் இழுத்து 3 அங்குலமாக்கியிருக்கிறாய், கண்ணுக்குத்தான் சின்னது, ஃபைலுக்குள் முழுப் படமும் இருக்கிறது. வெட்டிய ஓரங்கள்கூட உள்ளேயே ஒளிந்திருக்கும். 3 அங்குலத்துக்கு 900 பிக்சல் போதும், வெளியிலேயே சுருக்கி ஜேபெக்காகச் சேமித்துப் பிறகு நுழை. கிராஃப், சர்க்யூட், ஸ்கிரீன்ஷாட் மாதிரி கோடும் எழுத்தும் உள்ள படங்களுக்கு ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி போடு; அது எதையும் இழக்காமல் சுருக்கும், பெரிய ஒரே நிறப் பரப்புகள் இருந்தால் ஜேபெக்கைவிடச் சின்னதாகவே வரும். எக்செல் கிராஃபை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் நேராக காப்பி செய்து ஒட்டினால் இன்னும் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.

வேர்டு சேமிக்கும்போது தானாகவே படங்களைச் சுருக்கும் வழக்கமும் உண்டு. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதியில் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்று ஒன்று இருக்கும், வேலையை ஆரம்பிக்கும் முன்பே அதில் டிக் போட்டுவிடு. சுருங்கிச் சேமித்த பிறகு போட்டுப் பயனில்லை.

கேள்வி: பள்ளி ஆசிரியர் நான். எங்கள் பக்கத்து நடுகற்களை மாணவர்களோடு படமெடுத்து ஒரு சிறு நூலாகப் போட நினைக்கிறோம். கல்லில் எழுத்து கையால் தடவினால் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை. சுண்ணாம்பு தடவி எடுக்கலாமா? – செங்கம் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா, சுண்ணாம்பும் வேண்டாம், மாவும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம். கல்லின் துளைக்குள் போனது முழுசாக வெளியே வராது, அதோடு நாம் எழுத்து என்று நினைத்த இடத்தில் கோடு போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் கல்லைப் படிக்க மாட்டார்கள், நம் கோட்டைத்தான் படிப்பார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் காலத்து எழுத்துகளைத் தாங்கி நிற்பவை, தமிழ் எழுத்து எப்படி மாறி வந்தது என்பதற்கே அவை சாட்சி. இந்த வேலையை மாணவர்களோடு செய்கிறீர்கள் என்று படித்தபோது மனசு நிறைந்தது.

எழுத்தைக் காட்டுவது நிழல்தான். உச்சி வெயில் கல்லின் முகத்தில் நேராக விழுந்தால் பள்ளத்துக்கு நிழலே இருக்காது. கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதல் நாளே குறித்து வைத்துக்கொண்டு, வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற நேரத்துக்குப் போங்கள், காலையிலோ மாலையிலோ அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைக்கும். கிடைக்காத கல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாணவர்கள் ஒரு கெட்டியான போர்வையைப் பிடித்து கல் மேல் நிழல் போடட்டும், மூன்றாவது மாணவர் டார்ச்சை கல்லின் ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடிக்கட்டும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. படுக்கைக் கோடுகள் மேல் வெளிச்சத்திலும் செங்குத்துக் கோடுகள் பக்க வெளிச்சத்திலும் எழுந்து நிற்கும், அதனால்தான் நாலும் வேண்டும், கேமரா மட்டும் நகரக் கூடாது, முக்காலி இல்லையென்றால் ஒரு நாற்காலியின் முதுகில் அழுத்தி வையுங்கள். கல்லின் ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியும்படி ஒரு படமாவது இருக்கட்டும்.

நூலுக்குப் போகும்போது இந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம், செலவும் குறையும், நிழலும் எடுப்பாகத் தெரியும். அச்சில் நிழல்கள் திரையில் பார்ப்பதைவிடக் கறுக்கும் என்பதால் கொஞ்சம் வெளுப்பாகவே கொடுங்கள். மாணவர்கள் கையால் வரைந்த கோட்டோவியங்கள், தொல்லியல் துறையிலிருந்து கிடைக்கும் மைப்படிகளின் (கல்லில் தாள் ஒட்டி மை ஒற்றி எடுத்த படிகளின்) நகல்கள் இவற்றை போட்டோ மாதிரி 300-ல் ஸ்கேன் செய்யாதீர்கள். கோட்டுப் படத்துக்கு 1200 டிபிஐ, சாம்பல் நிறமே இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையில், டிஃப் ஃபைலாக. அப்போதுதான் கோடு ரம்பப்பல் மாதிரி வராமல் மழமழவென்று வரும், ஃபைலும் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதாகாது. பழைய புத்தகத்தில் அச்சான படத்தை ஸ்கேன் செய்ய நேர்ந்தால் 'டிஸ்கிரீன்' என்ற வசதியைப் போடுங்கள், இல்லையென்றால் அச்சுப் புள்ளிகள் சேர்ந்து வலை மாதிரி காட்டும்.

செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் பதிவாகியிருக்கும். உங்கள் ஆவணத்துக்கு அது பொக்கிஷம், அழிக்காதீர்கள். இணையத்தில் போடும் நகலில் மட்டும் நீக்கிவிடுங்கள், காவல் இல்லாமல் வயல்வெளியில் நிற்கிற கல்லுக்கு வழி காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு இருக்கும் ஒரே படம் அவர் வேலை செய்த இடத்துக் குரூப் போட்டோதான். அதில் முகம் சுண்டுவிரல் நகம் அளவு. ஏஐ வைத்துப் பெரிதாக்கிச் சட்டம் போடலாமா? – போளூர் வாசகி

பதில்: ஏஐ போட்டுக் கொடுத்த படங்கள் சிலவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கண்ணும் தோலும் சினிமா மாதிரி இருக்கும். படத்தில் இல்லாத விவரத்தை அது ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றுக்கொண்டு ஊகித்துப் போடுகிறது. தாத்தாவைப் பார்த்தே இராத பேரப் பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் தாத்தா என்று மனசில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

அதற்கு முன்னால் அசலை நன்றாக ஸ்கேன் செய்து பாருங்கள். பெரிய நெகட்டிவில் எடுத்து நேரடியாகப் பிரிண்ட் போட்ட பழைய குரூப் போட்டோக்களில் நாம் நினைப்பதைவிட விவரம் அதிகம் இருக்கும், சட்டைப் பொத்தானை எண்ணலாம். முகம் 1 சென்டிமீட்டர் என்றால் 1200 டிபிஐயில் அதற்கு மட்டும் 470 பிக்சல் கிடைக்கும், ஒன்றரை அங்குலத்துக்கு நன்றாகவே அச்சாகும். முழு குரூப் போட்டோவையும் 8-க்கு 10 அங்குலத்தில் போட்டு, அதற்குக் கீழே ஒன்றரை அங்குலத்தில் தாத்தாவின் முகம் தனியாக, அதன் பக்கத்தில் பெயரும், வரிசையில் இடமிருந்து எத்தனையாவது ஆள் என்பதும். ஸ்கேன் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றால் படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு நேரில் வாங்க, நானே செய்து தருகிறேன்.